இண்டென்டர் மாடலுக்கு அபாகஸ்/ஸ்டாண்டர்டு: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

விறைப்பான கோளத்தையோ கூம்பையோ (அதுதான் இண்டென்டர்) நெகிழும் பொருளுக்குள் அழுத்தி விசை–ஆழ வரைகோடு எடுப்பது, பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் வேலைகளிலேயே எளிமையானதாகத் தெரியும். வடிவம் சாதாரணம், சமச்சீர் உண்டு, அசைவு ஒரே திசையில்தான். இருந்தும் கணக்கு பாதியில் நின்றுபோவதும், முடிந்தாலும் விடை இரண்டு மடங்கு பிசகுவதும் இந்த மாடலில் சகஜம். அபாகஸ் எனும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளின் சமநிலைக் கணக்குகளுக்கான சால்வர் (தீர்க்கும் பகுதி) அபாகஸ்/ஸ்டாண்டர்டை இந்த ஒரே வேலைக்கு மட்டும் உரசிப் பார்த்து எழுதிய மதிப்புரை இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கான்டாக்ட் கணக்கில், அதாவது இரு பரப்புகள் தொடும் கணக்கில், இது நம்பி இறங்கக்கூடிய மென்பொருள். என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு இட்டரேஷனுக்கும் (திருத்தித் திருத்திக் கணக்கிடும் சுற்றுக்கும்) எழுதி வைக்கிறது; அது பெரிய பலம். ஆனால் கணக்கின் கட்டங்களை அமைக்கும் ஸ்டெப் திரையில் அது தானாக நிரப்பித் தரும் எண்கள் இண்டென்டேஷனுக்குப் பொருந்தாதவை. நின்றுபோனால் கடைசியில் வரும் பிழைச்செய்தியும் நோயைச் சொல்லாது, அறிகுறியை மட்டும் சொல்லும்.

எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் ஓட்டவேண்டியது, விடை தெரிந்த ஒரு சோதனை மாடல். ஹெர்ட்ஸ் 1882-இல் தந்த தீர்வு இதற்குப் போதும். கோளத்தின் ஆரம் 1 மிமீ, பொருளின் யங் குணகம் 10 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3, உராய்வு இல்லை, அழுத்தும் ஆழம் 0.01 மிமீ. யங் குணகத்தை 1 − 0.3² ஆல் வகுத்தால் சமான குணகம் 10.99 மெகாபாஸ்கல். விசை என்பது 4/3 × சமான குணகம் × √ஆரம் × ஆழத்தின் 1.5 அடுக்கு, 0.01465 நியூட்டன் வரவேண்டும். தொடுபரப்பின் ஆரம் 0.1 மிமீ, நடுவில் உச்ச அழுத்தம் 0.70 மெகாபாஸ்கல். அச்சுச் சமச்சீர் மாடலில் 5 மிமீ ஆரமும் 5 மிமீ உயரமும் கொண்ட துண்டு எடுங்கள். அடிப்பக்கம் பிடிக்கப்பட்டிருப்பதால் விசை சூத்திரத்தைவிடச் சற்றுக் கூடவே வரும்; 2, 3 சதவீதத்துக்குள் இருந்தால் மாடல் ஆரோக்கியமாக இருக்கிறது. 10 சதவீதம் தாண்டினால் உண்மையான பொருள் மாடலுக்குள் போகவே வேண்டாம். அச்சுச் சமச்சீரில் ரெஃபரன்ஸ் பாயின்ட்டில் (இண்டென்டரை இயக்கும் ஒற்றைப் புள்ளி) கிடைக்கும் எதிர்விசை முழு 360 பாகைக்குமானது. முப்பரிமாணக் கால்பங்கு மாடலில் வருவது கால்பங்கு விசை, அதை 4 ஆல் பெருக்கவேண்டும். விடை சரியாக நான்கில் ஒன்றாக வந்தால் தவறு எங்கே என்று தேடி அலையவேண்டியதில்லை.

இந்தச் சோதனைக்கு 1000 நோடுகளே (எலிமென்ட்டுகளின் மூலைப் புள்ளிகள்) போதும். இரு திசையிலும் 30 எலிமென்ட் வைத்தால் 961 நோடுகள். தொடும் மூலையில் முதல் 12 எலிமென்ட்டுகளை 0.01 மிமீ அளவில் வைத்து, மீதி 18-ஐ ஒன்றுக்கொன்று 1.3 மடங்கு வளரவிட்டால் ஏறக்குறைய 5 மிமீ எட்டிவிடும். தொடுபரப்பின் ஆரத்துக்குள் 10 எலிமென்ட் விழுகிறது; அதுதான் குறைந்தபட்ச நாகரிகம்.

அந்தப் பத்து ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கவேண்டும். தொடுபரப்பின் ஆரம், கோள ஆரத்தையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். அப்படியானால் எலிமென்ட் அளவின் வர்க்கத்தைக் கோள ஆரத்தால் வகுத்து வரும் ஆழம்வரை அச்சிலுள்ள ஒற்றை நோடு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். 0.05 மிமீ எலிமென்ட் என்றால் அது 0.0025 மிமீ. மொத்த ஆழத்தில் கால்வாசி தூரம் ஒரே ஒரு நோடை வைத்துக் கோளத்தைத் தாங்குகிறீர்கள்! அடுத்த நோடு சேரும்போது விசை குதிக்கும், அதற்கடுத்தது 0.01-இல் சேரும், மறுபடி ஒரு குதிப்பு. வரைகோடு படிக்கட்டு மாதிரி வந்தால் பொருளில் ஏதோ நடக்கிறது என்று நினைக்கவேண்டாம், அது மெஷ்ஷின், அதாவது எலிமென்ட் வலையின், தடம். 0.01 மிமீ எலிமென்ட்டில் இதே முதல் எல்லை 0.0001 மிமீ, அதாவது மொத்த ஆழத்தில் நூற்றில் ஒரு பங்கு.

இனி கணக்கு நிற்கும் விதம். பலரும் பார்க்கும் கடைசிச் செய்தி, இந்த இன்க்ரிமென்ட்டுக்கு முயற்சிகள் அளவுக்கு மீறிவிட்டன என்பது. முழு ஸ்டெப்பை 1 என்று வைத்துக்கொண்டு கணக்கு தவணை தவணையாக ஏறுகிறது; ஒரு தவணைதான் இன்க்ரிமென்ட். அதன் பின்னாலிருக்கும் எளிய பெருக்கல் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்டெப் திரையில் தொடக்க இன்க்ரிமென்ட் 1, குறைந்தபட்சம் 0.00001, மொத்த எண்ணிக்கை 100 என்று நிரம்பியிருக்கும். ஒரு முயற்சி தோற்றால் அளவு கால்பங்காகக் குறையும். ஐந்து முயற்சிகளுக்குமேல் போகாது. ஆக 1, 0.25, 0.0625, 0.0156, 0.0039, அத்தோடு சரி. குறைந்தபட்சத்தை எத்தனை சிறிதாக எழுதிவைத்தாலும் முதல் இன்க்ரிமென்ட்டில் அந்த எண்வரை கணக்கு இறங்கவே இறங்காது. முதல் தொடுகைக்கு 0.001 தேவைப்பட்டால் தொடக்கத்தையே 0.001 என்று கொடுக்கவேண்டும். இண்டென்டேஷனுக்கு ஏற்ற தொகுப்பு: தொடக்கம் 0.001, குறைந்தபட்சம் 0.00000001, உச்சம் 0.02, எண்ணிக்கை 1000. உச்சத்தைக் கட்டுப்படுத்துவது வரைகோட்டில் போதிய புள்ளிகள் விழுவதற்காகவும்தான். பெரிய உருமாற்றத்துக்கான என்எல்ஜியாம் பொத்தானை இங்கே எப்போதும் போட்டுவையுங்கள்.

கணக்கு நின்றதும் திறக்கவேண்டியது எஸ்டிஏ (.sta) எனும் நிலைக்குறிப்புக் கோப்பு. இன்க்ரிமென்ட், முயற்சி, கான்டாக்ட் நிலை மாறியதால் வந்த இட்டரேஷன், சமநிலைக்கான இட்டரேஷன் என்று வரிசையாக எண்கள் இருக்கும். தோற்ற முயற்சிக்குப் பக்கத்தில் யூ எழுத்து நிற்கும். கான்டாக்ட் பத்தியில் எண் பெருத்து, சமநிலைப் பத்தியில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால், நோடுகள் தொடுவதா விலகுவதா என்று அல்லாடுகின்றன. சீர்செய்யவேண்டியது மெஷ், பரப்பு, இன்க்ரிமென்ட். கான்டாக்ட் பத்தியில் பூஜ்யமும் சமநிலைப் பத்தியில் பெரிய எண்ணும் இருந்தால் கான்டாக்ட்மீது பழிபோடாதீர்கள், பொருளின் தரவோ நசுங்கிய எலிமென்ட்டோதான் காரணம். இந்த இரண்டு பத்திகளை ஒப்பிடும் பழக்கம் மட்டும் இருந்தாலே வீணாகும் நாட்கள் பெருமளவு மிச்சமாகும்.

அடுத்தது எம்எஸ்ஜி (.msg) எனும் செய்திக் கோப்பு. ஒவ்வொரு இட்டரேஷனிலும் மிச்சவிசை (சமநிலையில் தீராமல் நிற்கும் விசை) எந்த நோடில் அதிகம் என்று எண்ணோடு சொல்லும். பொதுவாக சராசரி விசையில் 0.5 சதவீதத்துக்குக் கீழே மிச்சவிசை இறங்கினால் இன்க்ரிமென்ட் தேறும். அந்தத் தேர்வு அளவைத் தளர்த்திக் கணக்கைக் கரையேற்றப் பார்ப்பது கெட்ட பழக்கம். நோடு எண்ணை எடுத்து மாடலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொடுபரப்பின் விளிம்பில் இருந்தால் அங்கே மெஷ் போதவில்லை. கூம்பின் நுனிக்கு நேர் கீழே இருந்தால் எலிமென்ட் நசுங்குகிறது. ரெஃபரன்ஸ் பாயின்ட்டே பெயரிடப்பட்டிருந்தால் இண்டென்டர் பிடிமானமில்லாமல் தொங்குகிறது.

அந்தக் கடைசி வகைதான் தொடக்கநிலைத் தவறுகளில் முதலிடம். ரெஃபரன்ஸ் பாயின்ட்டில் விசையைக் கொடுத்துவிட்டு, இண்டென்டருக்கும் பொருளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும், எதிர்த்துத் தாங்க ஒன்றுமில்லாமல் அது ஓடிவிடும். பூஜ்ய பிவட், எண்ணியல் சிங்குலாரிட்டி என்று எச்சரிக்கைகள் வரிசைகட்டும். வழி எளிது. முதல் ஸ்டெப்பில் இடப்பெயர்ச்சி கொடுத்து மிகச் சிறிய ஆழம்வரை அழுத்தித் தொடவையுங்கள். இரண்டாவது ஸ்டெப்பில் அந்த நிபந்தனையை நீக்கி விசைக்கு மாறுங்கள். அச்சுச் சமச்சீரில் பக்கவாட்டு நகர்வும் சுழற்சியும் எப்போதும் பூட்டியே இருக்கட்டும். விசைக் கட்டுப்பாடு கட்டாயமில்லாத இடத்தில் முழுக்க இடப்பெயர்ச்சியிலேயே ஓட்டி, விசையை எதிர்விசையாகப் படிப்பது இன்னும் மேல்.

இந்த மென்பொருளில் மனதாரப் பாராட்டவேண்டிய அம்சம் அனலிட்டிகல் ரிஜிட் பரப்பு. கோளத்தை வட்டவில்லாகவே வரையலாம், மெஷ்ஷே கிடையாது, வளைவு வளைவாகவே இருக்கும். சிறு தட்டைத் துண்டுகளால் ஆன டிஸ்கிரீட் ரிஜிட் எடுத்தால் கோளம் பட்டைதீட்டிய கல் மாதிரி ஆகிவிடும். ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நோடு வழுக்கும்போது பரப்பின் திசை சட்டென்று மாறி, கான்டாக்ட் நிலை முன்னும் பின்னும் புரளும். பெர்கோவிச் போன்ற முக்கோணக் கூர்நுனிக்கு வேறு வழியில்லை, டிஸ்கிரீட்தான். இல்லையென்றால் அதற்குச் சமானமான 70.3 பாகை அரைக்கோணக் கூம்பை அச்சுச் சமச்சீரில் எடுத்துக்கொள்வது நடைமுறை.

அனலிட்டிகல் பரப்பிலும் மூன்று விஷயம் கவனிக்கவேண்டும். பரப்பின் வெளிமுகம் பொருளைப் பார்த்திருக்கவேண்டும். திரும்பியிருந்தால் முதல் இன்க்ரிமென்ட்டிலேயே பெரும் ஊடுருவலாகக் காட்டும், இல்லையேல் தொடாமலேயே கடந்துபோகும். பரப்பு போதிய தூரம் நீளவேண்டும்; பொருள் ஓரத்தில் மேலே பிதுங்கும்போது அது முடிந்துபோனால் நோடு அதன் பின்பக்கம் நழுவி விழும். கூர்மையான மூலைகளுக்குச் சிறு வளைவு கொடுக்கவேண்டும். தட்டை முனை இண்டென்டரில் அந்த வளைவு இல்லாவிட்டால் விளிம்பு அழுத்தம் கோட்பாட்டின்படியே முடிவிலி. மெஷ்ஷை நுணுக்க நுணுக்க உச்சம் ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. அங்கே ஒப்பிடவேண்டியது விசையை. தட்டை முனைக்கு விசை 2 × ஆரம் × சமான குணகம் × ஆழம்.

கான்டாக்ட் ஜோடியில் ரிஜிட் பரப்பு எப்போதும் மெயின், நெகிழும் பரப்பு செகண்டரி. பழைய கையேடுகளில் இவை மாஸ்டர், ஸ்லேவ் என்றிருக்கும். பரப்பைப் பரப்போடு ஒப்பிடும் சர்ஃபேஸ்-டு-சர்ஃபேஸ் முறையை எடுங்கள். நோடு-டு-சர்ஃபேஸ் முறையில் பத்து நோடு டெட்ராவுக்கு (நான்முக எலிமென்ட்) ஒரு சங்கடம் உண்டு: முகத்தில் சீரான அழுத்தம் இருந்தாலும் மூலை நோடுகளுக்குச் சேரும் பங்கு பூஜ்யம், விசையெல்லாம் நடு நோடுகளுக்கே போகும். அழுத்தப் படம் புள்ளிபுள்ளியாகத் தெரிவதும் கான்டாக்ட் அல்லாடுவதும் அதனால்தான்.

சர்ஃபேஸ்-டு-சர்ஃபேஸ் முறையில் ஹார்டு கான்டாக்ட் என்று தேர்ந்தெடுத்தாலும் உள்ளே நடப்பது பெனால்ட்டி முறை. அடியிலுள்ள எலிமென்ட்டின் விறைப்பைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு விறைப்புள்ள ஸ்பிரிங். ஆகவே சிறு ஊடுருவல் எப்போதும் இருக்கும். அழுத்தும் ஆழம் எலிமென்ட் அளவோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருந்தால் இந்த ஊடுருவல் ஆழத்தில் கணிசமான பங்கைத் தின்றுவிடும், விசை குறைவாக வரும். சிஓப்பன் (COPEN, பரப்புகளின் இடைவெளி) வெளியீட்டை வாங்கி, குறியில் எதிர்மமாக இருக்கும் உச்ச அளவை ஆழத்தால் வகுத்துப் பாருங்கள். 1 சதவீதம் தாண்டினால் பெனால்ட்டி விறைப்பைப் பத்து மடங்கு ஏற்றலாம், இல்லையேல் ஊடுருவலை அனுமதிக்காத நேரடி முறைக்கு மாறலாம்.

தொடக்க இடைவெளியிலும் ஒரு கண் வேண்டும். கோளத்தின் அடி பொருளின் மேல்மட்டத்தில் சரியாக உட்கார்ந்திருப்பதாகத் திரையில் தெரியும். எட்டாவது தசம இடத்தில் அது உள்ளேயோ வெளியேயோ இருக்கும். நானோ அளவு ஆழத்தை மீட்டர் அலகில் எழுதும்போது இந்தப் பிசகு பூதாகாரமாகும். அலகை மாற்றிவிடுங்கள். நீளம் மைக்ரோமீட்டர், விசை மைக்ரோநியூட்டன் என்றால் தகைவு மெகாபாஸ்கலிலேயே வரும். நானோமீட்டரும் நானோநியூட்டனும் என்றால் ஜிகாபாஸ்கல். எண்கள் ஒன்றுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே விழுந்தால் சால்வரும் நிம்மதியாக இருக்கும், வாசிப்பவரும் நிம்மதியாக இருப்பார். வரைகோட்டில் ஆழத்தை ஸ்டெப் தொடக்கத்திலிருந்து எண்ணாமல், விசை முதலில் எழும் புள்ளியிலிருந்து எண்ணுங்கள்.

ஜெல், திசு, ரப்பர் போன்றவற்றில் தவறு வேறு ரூபத்தில் வரும். பாய்சான் விகிதம் 0.495-ஐத் தாண்டினால் சாதாரண எலிமென்ட் கனஅளவு மாறமுடியாமல் இறுகிப்போய் விசையைக் கூட்டிக் காட்டும். பெயரில் எச் எழுத்து சேர்ந்த ஹைப்ரிட் எலிமென்ட் அதற்கானது. முற்றிலும் அமுங்காத நியோ-ஹூக் (ரப்பருக்கான எளிய சமன்பாடு) பொருளுக்கு சி10 குணகம் யங் குணகத்தில் ஆறில் ஒரு பங்கு. 10 கிலோபாஸ்கல் ஜெல்லுக்கு 1.667 கிலோபாஸ்கல். சோதனைத் தரவிலிருந்து உயர்படிச் சமன்பாடு பொருத்தினால், எந்த நீட்சிக்கு மேல் பொருள் நிலைகுலைகிறது என்று டேட் (.dat) கோப்பு எச்சரிக்கும். கூர்முனைக்கு அடியில் அந்த நீட்சி எளிதில் வந்துவிடும், அப்போது எத்தனை சிறிய இன்க்ரிமென்ட் கொடுத்தும் பலனில்லை. பொருந்தல் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் நிலையான சமன்பாட்டுக்கு இறங்கிவரவேண்டும்.

ஒற்றைப் புள்ளித் தொகைப்பு எலிமென்ட் எடுத்தால் மணற்கடிகைக் கோணல் வரும். தொடுபரப்புக்கு அடியில் எலிமென்ட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று சாய்ந்து ரம்பப்பல் மாதிரித் தெரியும். செயற்கை ஆற்றலான ஏஎல்எல்ஏஇ-யை மொத்த அகஆற்றலான ஏஎல்எல்ஐஇ-யால் வகுத்து, 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். 5 தாண்டினால் விடையைக் குப்பையில் போடவேண்டியதுதான்.

உலோகத்தில் பிளாஸ்டிக் அட்டவணையின் கடைசி வரிக்குப் பிறகு தகைவு உயராது. அட்டவணை 0.2 திரிபில் முடிந்து, நுனிக்கு அடியில் திரிபு 1-ஐத் தொட்டால், பொருள் களிமண்போல் வழிந்தோடும். அட்டவணையை நீட்டுங்கள்; எண்கள் மெய்த்தகைவும் மடக்கைத் திரிபுமாக இருக்கட்டும். நசுங்கலுக்கு ஒரு கைமுறை வைத்தியம்: நுனிக்குக் கீழுள்ள எலிமென்ட்டுகளை ஆழவாக்கில் நீளமாக வெட்டிவைத்தால், அழுந்தும்போது அவை சதுரத்தை நோக்கி வரும். நுனிக்குச் சிறு ஆரம் கொடுக்காமல் இதுவும் எடுபடாது.

உராய்வு 0.2-ஐத் தாண்டினால் சால்வர் தானாகவே சமச்சீரற்ற அணிக்கு மாறும். அதற்குக் கீழேயும் ஒருங்குதல் இழுத்தால் அதை நீங்களே போட்டுவிடலாம். நினைவகம் கூடும், இட்டரேஷன் குறையும்.

இந்த மென்பொருளில் மிகவும் பயப்படவேண்டியது ஸ்டெபிலைஸ் வசதி. நிற்கும் கணக்கு அதைப் போட்டதும் ஓடும், பச்சைக் கொடி காட்டும். உள்ளே நடப்பது, பிசுக்கான தணிப்பு விசை சேர்வது. வழக்கமான தணிப்பு ஆற்றல் பங்கு 0.0002 என்று சிறிதாகத்தான் இருக்கும். மென்மையான ஜெல்லில் உண்மையான விசையே மைக்ரோநியூட்டன் அளவில் இருக்கும்போது அந்தச் சிறிதும் சிறிதல்ல. அடையாளம் கண்டுபிடிக்க எளிது: இண்டென்டர் பொருளைத் தொடுவதற்கு முன்பே எதிர்விசை எழுந்தால் அது முழுக்கத் தணிப்பு விசை. தணிப்பில் செலவான ஏஎல்எல்எஸ்டி ஆற்றலை ஏஎல்எல்ஐஇ-யோடு ஒப்பிட்டு, தணிப்பைப் பத்தில் ஒன்றாக்கி மறுபடி ஓட்டி, வரைகோடு நகராமல் இருந்தால் மட்டுமே அந்த விடையை வெளியே காட்டலாம். நின்றுபோன கணக்கு யாரையும் ஏமாற்றுவதில்லை. இப்படி ஓடி முடிந்த கணக்கு அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

விசையை இறக்கி இண்டென்டரைத் திரும்ப எடுக்கும் ஸ்டெப்பை இடப்பெயர்ச்சியிலேயே ஓட்டுங்கள். விசையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் கடைசி நோடு விலகும் நொடியில் இண்டென்டர் மறுபடி பிடிமானமிழக்கும். ஆலிவர்–ஃபார் முறையில் குணகம் கணக்கிட இறக்கத்தின் மேல்பகுதிச் சரிவுதான் வேண்டும் என்பதால், அங்கே உச்ச இன்க்ரிமென்ட்டை 0.005 ஆக்கிப் புள்ளிகளை நெருக்கிவையுங்கள்.

ஸ்டாண்டர்டு அடம்பிடிக்கிறது என்று அபாகஸின் இன்னொரு சால்வரான எக்ஸ்பிளிசிட்டுக்குத் தாவுபவர்கள் ஒரு வகுத்தல் செய்து பார்த்துவிட்டுத் தாவலாம். அங்கே ஒரு இன்க்ரிமென்ட்டுக்கு நிலைகுலையாமல் எடுக்கக்கூடிய நேர அளவு, மிகச் சிறிய எலிமென்ட்டை ஒலி கடக்கும் நேரம். எஃகில் ஒலி வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 5000 மீட்டர்; எலிமென்ட் 1 மைக்ரோமீட்டர் என்றால் 0.2 நானோவினாடி. 1 மில்லிவினாடி நேர அழுத்தலுக்கு 50 லட்சம் இன்க்ரிமென்ட். நிறையைக் கூட்டி இதைச் சுருக்கலாம். இயக்க ஆற்றல் அகஆற்றலில் 5 சதவீதத்துக்குள் அடங்கும்வரைதான் அதற்கு அனுமதி. ரிஜிட் இண்டென்டரின் ரெஃபரன்ஸ் பாயின்ட்டுக்கு அங்கே நிறை கொடுத்தே ஆகவேண்டும். நொறுங்கும் பொருள், கீறல், ஆழமாக உழுதுபோகும் நுனி ஆகியவற்றுக்கு எக்ஸ்பிளிசிட் சரியான கருவி. ஆழம் குறைந்த, மெதுவான, மீள்தன்மையுள்ள அழுத்தலுக்கு ஸ்டாண்டர்டிலேயே இருந்து எஸ்டிஏ கோப்பின் அந்த இரண்டு பத்திகளை மறுபடி ஒருமுறை பாருங்கள்.